லட்சுமணராவின் கலப்பை

(அணுபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அவையில் ஒரு பக்கம் இயந்திரத்தோடு நாளெல்லாம் வேலை செய்கிற பொறியாளர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்னொரு பக்கம் திருக்கழுக்குன்றம், நெரும்பூர் பக்கத்திலிருந்து வந்திருக்கும் விவசாயிகள் இருக்கிறீர்கள். இரண்டு தரப்புக்கும் சொந்தமான ஒரு மனிதரைப் பற்றிப் பேச வேண்டும் என்றுதான் லட்சுமணராவ் காசிநாத் கிர்லோஸ்கரைத் தேர்ந்தெடுத்தேன். கிர்லோஸ்கர் என்றதும் எல்லோருக்கும் கிணற்றடி மோட்டார் கொட்டகை ஞாபகத்துக்கு வரும். அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் ஓவியப் பள்ளி மாணவர், ஒரு வரைபட ஆசிரியர், ஒரு சைக்கிள் கடைக்காரர், இரண்டு வருடம் விற்காத கலப்பைகளைப் பார்த்துக்கொண்டே அடுத்த கலப்பையைச் செய்த ஒரு பட்டறைக்காரர் இருக்கிறார். அவர் நம் மாவட்டத்துக்காரர் அல்லர், பெல்காம் பக்கத்துக்காரர். ஆனால் அவருடைய கதையை முழுதாகப் புரிந்துகொள்ளச் செங்கல்பட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இங்கே கலப்பை செய்தது யார்? ஊர்த் தச்சர் மரத்தை இழைத்துக் கொடுத்தார், ஊர்க் கொல்லர் கொழு அடித்துக் கொடுத்தார். இதற்கு அருமையான ஆவணம் நம்மிடம் இருக்கிறது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரின் சுமார் 2,000 ஊர்களை ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். எத்தனை வீடு, எத்தனை ஏரி, எவ்வளவு நிலம், எவ்வளவு விளைச்சல் என்பதோடு, களத்தில் நெல்லைப் பங்கிடும்போது யார் யாருக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பதும் அதில் உண்டு. கோயிலுக்கு ஒரு பங்கு, ஏரி பராமரிப்புக்கு ஒரு பங்கு, வெட்டியானுக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு என்று போகிற அந்தப் பட்டியலில் தச்சருக்கும் கொல்லருக்கும் பங்கு இருக்கிறது. கலப்பைக்கு இவ்வளவு, கொழுவுக்கு இவ்வளவு என்று விலை பேசி வாங்கியதல்ல அது. விளைந்தால் அவர்களுக்கும் நெல், விளையாவிட்டால் அவர்களுக்கும் பஞ்சம்.

இந்த ஏற்பாட்டில் சாதிக் கட்டும் இருந்தது, அடக்குமுறையும் இருந்தது. அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கருவி செய்தவரின் சாப்பாடு, கருவி வயலில் எப்படி வேலை செய்தது என்பதைப் பொறுத்து இருந்தது. கொழு மழுங்கினால் உழுகிறவர் அன்று சாயங்காலமே உலைக்களத்துக்கு வந்து நிற்பார். கொல்லர் அதைச் சிவக்கக் காய்ச்சித் தட்டிக் கொடுப்பார். எங்கே தேய்கிறது, ஏன் தேய்கிறது என்பது அவர் கண்ணுக்கு முன்னால் தெரியும். செய்பவருக்கும் பிடிப்பவருக்கும் நடுவே இருந்த தூரம் ஒரு தெரு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தத் தூரம் பல ஆயிரம் மைல் ஆனது. அதைத் திரும்பக் குறைத்த மனிதராகத்தான் லட்சுமணராவை நான் பார்க்கிறேன்.

தூரம் எப்படிக் கூடியது என்பதற்கும் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டமே சாட்சி. சைதாப்பேட்டை அப்போது இந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 1861-ல் சென்னைக்கு ஆளுநராக வந்த வில்லியம் டெனிசன் உழவுத் தொழிலை இயந்திரத்தால் மாற்றிவிடலாம் என்று உறுதியாக நம்பினார். இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை, விதைக்கும் கருவி, கதிரடிக்கும் கருவி, தூற்றும் கருவி, தீவனம் நறுக்கும் கருவி என்று வரவழைக்கும் யோசனை அவருடையது. 1865-ல் சைதாப்பேட்டையில் அரசுப் பண்ணை தொடங்கியது. 1876-ல் அங்கே வேளாண்மைக் கல்வி தொடங்கிற்று. அதுதான் பின்னாளில் கோவைக்குப் போய், இன்றைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. கல்வி நிலைத்தது. கருவிகள் நிலைக்கவில்லை.

ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டால், குடியானவன் பழமைவாதி, மூடநம்பிக்கைக்காரன் என்று அந்தக் காலத்து அதிகாரிகளில் பலர் எழுதி வைத்தார்கள். இந்தக் குற்றச்சாட்டை நான் கொஞ்சமும் ஏற்கவில்லை. நம்மூர் மரக்கலப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். உழவு முடிந்ததும் ஒருவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். சின்ன மாடு ஒரு ஜோடி இருந்தால் இழுத்துவிடும். ஏரிப் பாசன நெல் வயலில் நமக்கு வேண்டியது ஆழ உழவு அல்ல, சேற்று உழவு. மேல் மண் குழம்ப வேண்டும். கீழே இறுகிய படலம் கலையாமல் இருக்க வேண்டும், அது கலைந்தால் கட்டிய தண்ணீர் நிற்காது. இங்கிலாந்தின் ஈரக் களிமண்ணில், பெரிய குதிரைகள் இழுத்து, மண்ணைப் புரட்டிப் போடச் செய்த கலப்பையைக் கொண்டுவந்து சம்பாவுக்கு உழு என்றால் யார் உழுவார்கள்?

இதை நேர்மையாகச் சொன்ன ஓர் ஆங்கிலேயரும் உண்டு. ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேளாண் வேதியியலாளரை 1889-ல் இங்கே அனுப்பினார்கள். நாடு முழுக்கச் சுற்றிப் பார்த்து 1893-ல் அறிக்கை வெளியிட்டார். இந்திய உழவரின் கருவிகள் அவருடைய நிலத்துக்கும் மாட்டுக்கும் கைப்பணத்துக்கும் பொருந்தியவை, எளிதில் மாற்றிவிடலாம் என்று நினைக்க வேண்டாம் என்பது அதன் சாரம். அதே காலத்தில் ஒரு புதுக் கருவி மட்டும் காட்டுத்தீயாகப் பரவியது. பிகாரில் பிஹியா என்ற சிற்றூரில் தாம்சன், மைல்ன் என்ற இரண்டு தோட்டக்காரர்கள் 1870-களில் இரும்பு உருளை வைத்த கரும்பு ஆலை ஒன்றைச் செய்தார்கள். மரச்செக்கில் கரும்பைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட வேண்டும். இதில் முழுக் கரும்பையே கொடுக்கலாம். அவர்கள் அதை விற்றதோடு நிற்காமல், பருவத்துக்கு வாடகைக்கும் கொடுத்தார்கள். உழவர் காசைப் போடுவதற்கு முன்பே சாற்றைப் பார்த்துவிட்டார். குடியானவன் புதியதை வெறுப்பவன் என்றால் பிஹியா ஆலை ஊர் ஊராகப் போயிருக்குமா?

இனி லட்சுமணராவுக்கு வருகிறேன்.

1869 ஜூன் 20. காந்தி பிறந்த அதே ஆண்டு. பெல்காம் மாவட்டத்துக் குர்லஹோசூர். தந்தை காசிநாத பந்த் வேதாந்தத்தில் ஆழ்ந்தவர். பையனுக்குப் பாடப் புத்தகத்தில் மனம் நிற்கவில்லை, படம் வரைவதிலும் பொருள்களைப் பிரித்துப் பார்ப்பதிலும் நின்றது. அண்ணன் ராமண்ணா கைகொடுக்க, பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளிக்குப் போனார். அங்கேதான் தெரிந்தது, சில நிறங்கள் அவருக்குச் சரியாகப் பிரித்தறிய வரவில்லை என்று. வண்ணம் தீட்டுகிற கனவு முடிந்தது. கோடு மிஞ்சியது. இயந்திர வரைபடம் கற்றார். அதில் தேர்ந்து, புதிதாகத் தொடங்கியிருந்த விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகத்தில் வரைபட ஆசிரியர் ஆனார்.

கற்பிக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் கழகத்தின் பட்டறையில் இருந்தார் என்பதுதான் இங்கே முக்கியம். வரைந்த கோடு எப்படி உலோகம் ஆகிறது என்பதைக் கையால் தெரிந்துகொண்டார். பிறகு பதவி உயர்வு வரும் நேரம் வந்தது. அவருக்கு வர வேண்டியது ஓர் ஆங்கிலோ-இந்தியருக்குப் போனது. அன்றைய இந்தியாவில் இது பலருக்கும் நடந்தது. பலரும் சகித்துக்கொண்டு வேலையில் நீடித்தார்கள். இவர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் பெல்காமுக்கு ரயில் ஏறினார்.

பெல்காமில் அண்ணன் தம்பி இருவரும் நடத்தியது சைக்கிள் கடை. சைக்கிள் அப்போது பெரிய மனிதர்களின் வாகனம். பம்பாயிலிருந்து வாங்கி வந்து விற்றார்கள், பழுது பார்த்தார்கள், ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் கடை இருந்த தெருவுக்கு இன்றும் கிர்லோஸ்கர் சாலை என்றுதான் பெயர். ஆனால் சைக்கிள் அவர் மனசுக்குப் போதவில்லை. ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் சோளக் கொல்லை. மாட்டுக்குச் சோளத்தட்டை போடுகிறார்கள், முழுசாகப் போட்டால் மாடு பாதியைத் தின்று பாதியை மிதித்துவிடுகிறது. தட்டையை நறுக்குகிற கருவி ஒன்றைச் செய்தார். அவருடைய முதல் உழவுக் கருவி அதுதான். மாடு வைத்திருப்பவர் ஒரே வாரத்தில் பலனைக் காணக்கூடிய கருவி. இந்தத் தேர்வில் ஒரு கூர்மை இருக்கிறது.

அடுத்து இரும்புக் கலப்பை. 1903-ல் முதல் கலப்பை வெளிவந்தது. நம்மூரில் இறக்கைக் கலப்பை என்போமே, மண்ணை வெட்டி ஒரு பக்கமாகப் புரட்டிப் போடுகிற கலப்பை, அந்த வகை. பட்டறையில் வரிசையாகச் செய்து வைத்தார். வாங்க ஆள் வரவில்லை. இரும்பு பட்டால் நிலம் விஷமாகிவிடும் என்றார்கள். ஏறக்குறைய இரண்டு வருடம் இப்படியே போயிற்று.

விஷம் என்ற பேச்சைக் கேட்டு நாம் சிரிக்கக் கூடாது. அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாநிலத்தில் சார்லஸ் நியூபோல்டு என்பவர் 1797-ல் வார்ப்பிரும்புக் கலப்பைக்குக் காப்புரிமை வாங்கினார். அங்கிருந்த வெள்ளைக்கார விவசாயிகளும் இதையேதான் சொன்னார்கள், இரும்பு மண்ணைக் கெடுக்கும், களை மண்டும் என்று. உலகத்தின் இரண்டு கோடியில், நூறு வருட இடைவெளியில், ஒரே சொல் வருகிறது என்றால் அதற்குப் பின்னால் ஏதோ நியாயம் இருக்க வேண்டும். அதைப் பட்டறைக் கண்ணோடு பார்ப்போம்.

ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுக்கிற கொழு தேனிரும்பு. மழுங்கினால் காய்ச்சி அடிக்கலாம், வளைந்தால் நிமிர்த்தலாம், நீளம் குறைந்தால் ஒட்டுப் போடலாம். வார்ப்பிரும்பு அப்படி அல்ல. அதில் கார்பன் அதிகம். சம்மட்டியால் அடித்தால் உடையும், வளையாது. உடைந்த துண்டை ஊர் உலையில் ஒட்ட முடியாது. ஐப்பசியில் ஈரம் காய்வதற்குள் உழுது முடிக்க வேண்டிய நேரத்தில் ஒரு கல்லில் மோதி முனை உடைந்தால், இரும்புக் கலப்பைக்காரருக்கு அந்தப் பருவமே போயிற்று. பெல்காமுக்கு வண்டி கட்டிக்கொண்டு போய் வருவதற்குள் மண் பாறையாகியிருக்கும். தலைமுறை தலைமுறையாகத் தன் கருவியைத் தன் தெருவிலேயே சரிசெய்துகொண்டவருக்கு, தன்னால் திறக்க முடியாத, தன் கொல்லரால் தொட முடியாத ஒரு பொருளைக் கண்டு வந்த அச்சம் அது. அந்த அச்சத்தை அவர் விஷம் என்ற சொல்லில் சொன்னார். எனக்கு அது முழு நியாயமாகப் படுகிறது.

வார்ப்பிரும்புக் கலப்பை செய்யப் புறப்பட்ட எவருக்கும் முதல் சோதனை முனைதான். பொறியாளர்களுக்குத் தெரிந்த விஷயம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உருகிய இரும்பை மணல் அச்சில் ஊற்றினால் மெல்ல ஆறும். ஆறும்போது கார்பன் தனியே கிராஃபைட்டாகப் பிரிந்து நிற்கும். உடைத்துப் பார்த்தால் சாம்பல் நிறம். அரத்துக்கு இணங்கும், மண்ணில் சீக்கிரம் தேயும். அதே இரும்பு, அச்சின் ஒரு பக்கத்தில் வைத்த குளிர்ந்த இரும்புத் துண்டின் மேல் பட்டால் சட்டென்று இறுகும். கார்பன் பிரிய நேரம் கிடைக்காமல் இரும்போடு சேர்ந்தே நிற்கும். உடைத்தால் வெள்ளை. அரம் வழுக்கும், கடினம் அவ்வளவு. ஆனால் கண்ணாடி மாதிரி நொறுங்கவும் செய்யும். ஆகவே கலப்பை முழுவதையும் வெள்ளை இரும்பாகச் செய்யக் கூடாது, தேய்கிற இடம் மட்டும் வெள்ளையாக, தாங்குகிற இடம் சாம்பலாக இருக்க வேண்டும். இங்கிலாந்தின் இப்ஸ்விச் ஊரில் ராபர்ட் ரான்சம் 1803-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய கொழுவில் அடிப்பக்கம் கடினம், மேல்பக்கம் மென்மை. உழ உழ மேல்பக்கம் முந்தித் தேய்ந்து, முனை தானே கூராகிக்கொண்டே வந்தது. 1808-ல் அவர் இன்னொன்றும் செய்தார். கலப்பையின் பாகங்களைத் திருகாணியால் பூட்டி, வயலிலேயே கழற்றி மாற்றும்படி அமைத்தார். என் மதிப்பில் முதல் காப்புரிமையைவிட இது பெரியது. உடைந்த முனைக்குப் பதில் வேறு முனை கையில் இருந்தால், கொல்லரிடம் ஓட வேண்டியதில்லை.

லட்சுமணராவ் இரும்புக் கலப்பையைக் கண்டுபிடித்தவர் அல்லர். அவருக்கு முன்னால் ரான்சம் இருக்கிறார், 1837-ல் எஃகுக் கலப்பை செய்த அமெரிக்கக் கொல்லர் ஜான் டீர் இருக்கிறார். வெளிநாட்டுக் கலப்பைகள் தக்காணத்தில் விற்பனைக்கும் வந்திருந்தன. இவர் செய்தது வேறு. நம் நாட்டு இரும்பில், நம் நாட்டு ஆட்களைக் கொண்டு, கூப்பிடு தூரத்தில் உதிரிப் பாகம் கிடைக்கும்படி கலப்பையைச் செய்தார். வயலில் இறக்கி உழுது காட்டினார். விலையை இறக்குமதிச் சரக்குக்குக் கீழே வைத்தார். விற்காத இரண்டு வருடமும் அவர் உழவரைத் திட்டவில்லை, கலப்பையைத் திருத்தினார். இதைத்தான் நான் மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன்.

அவருக்கு மண்ணும் கைகொடுத்தது என்பதைச் சொல்லாவிட்டால் அரை உண்மையாகிவிடும். கிருஷ்ணா நதிக்கரைக் கரிசல் மண் ஆழமானது. அருகு மாதிரி ஆழ வேரோடும் புல் பிடித்துவிட்டால் மரக்கலப்பை அதன் மேல் தோலைக் கீறும், அவ்வளவுதான். கரும்பு போடுகிறவருக்கு ஆழ உழுதே ஆக வேண்டும். நாலு ஜோடி மாடு பூட்டி இறக்கைக் கலப்பையால் புரட்டிப் போட்டு வெயிலில் காயவிட்டால் புல் செத்தது. இரும்புக் கலப்பை கேட்கிற மண் அது. நம் ஏரிப் பாசனத்தில் சேற்றுழவு கேட்கிற மண். அதே லட்சுமணராவ் திருக்கழுக்குன்றத்தில் பட்டறை போட்டிருந்தால் அதே கலப்பையால் வென்றிருக்க மாட்டார். அவர் இயல்புக்கு, இங்கே வேறு ஏதாவது செய்திருப்பார்.

கலப்பை விற்கத் தொடங்கிய நேரத்தில் அடுத்த இடி. பெல்காமில் பட்டறை இருந்த பகுதியை ஊர் விரிவாக்கத்துக்கு எடுத்துக்கொள்வதாக நகராட்சி சொன்னது. இடத்தைக் காலி செய்ய வேண்டும். கையில் காசில்லை, போக்கிடமும் இல்லை. அப்போது கைகொடுத்தவர் ஔந்த் சமஸ்தானத்து அரசர் பாலாசாகேப் பந்த் பிரதிநிதி. ஔந்த் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்த குட்டி ராஜ்ஜியம். அரசர் தாமே நல்ல ஓவியர். சூரிய நமஸ்காரத்தை நாடெங்கும் பரப்பியவர். பின்னாளில் 1938-39-ல் காந்தியின் ஆலோசனையோடு தம் அதிகாரத்தை ஊர்ப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைத்தவர். அவர் வட்டியில்லாமல் ரூ.10,000 கடன் கொடுத்து, தம் நாட்டில் எங்கே வேண்டுமானாலும் இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

லட்சுமணராவ் தேர்ந்தெடுத்தது குண்டல் ரோடு என்ற சிறு ரயில் நிலையத்தை ஒட்டிய 32 ஏக்கர் பொட்டல். சப்பாத்திக்கள்ளியும் நாகப்பாம்பும் குடியிருந்த இடம். தண்ணீர் இல்லை. ஆனால் ரயில் இருந்தது. இரும்பும் கரியும் வந்து இறங்கவும், கலப்பை ஏறிப் போகவும் ரயில் வேண்டும். 1910 மார்ச் 10 அன்று இருபத்தைந்து தொழிலாளர்களும் அவர்களுடைய குடும்பங்களும் அங்கே வந்து இறங்கினார்கள். அதுதான் கிர்லோஸ்கர்வாடி. இன்று சாங்கலி மாவட்டத்தில் இருக்கிறது, ரயில் நிலையத்துக்கும் அந்தப் பெயரே வந்துவிட்டது. அவருடைய மகன் சாந்தனுராவ் பிற்காலத்தில் தன் வரலாற்றை எழுதியபோது 'காக்டஸ் அண்ட் ரோஸஸ்' என்று பெயர் வைத்ததற்கு அந்தக் கள்ளிக்காடுதான் காரணம்.

அணுபுரம் மாதிரி ஒரு குடியிருப்பில் வாழும் உங்களுக்கு ஒரு தொழிற்சாலை ஊரை உண்டாக்குவது என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிணறு வெட்ட வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், நோய் வந்தால் மருந்து வேண்டும், சந்தை வேண்டும், சண்டை வந்தால் தீர்த்து வைக்க ஆள் வேண்டும். அண்ணன் ராமண்ணா ஊர் நிர்வாகத்தை ஏற்றார். லட்சுமணராவ் பட்டறையைப் பார்த்தார். தீண்டாமைக்கு அந்த ஊரில் இடம் கிடையாது என்று கண்டிப்பாக இருந்தார். 1910-ல், ஒரு பிராமண முதலாளி, சுற்றிலும் கிராமங்கள். எவ்வளவு எதிர்ப்பு வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சிறைக்குப் போய் வந்தவர்களை இரவுக் காவலுக்கு வைத்தார். நம்பிக்கை வைத்தால் மனிதன் அதற்குத் தகுந்தபடி நடப்பான் என்று அவர் உண்மையிலேயே நினைத்தார். அவர்கள் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினார்கள்.

முதல் உலகப் போர் வந்ததும் இரும்பு வரத்து நின்றது. கரி கிடைக்கவில்லை, கலப்பைக்குப் பூசும் வண்ணமும் கிடைக்கவில்லை. வெளிநாட்டுக் கலப்பையும் வராததால் இவருடைய கலப்பைக்குக் கிராக்கி மட்டும் ஏறிக்கொண்டே போனது. அப்போது கோலாப்பூர் அரசர் ஷாஹு மகராஜ் தம் கோட்டையில் கிடந்த பழைய பீரங்கிகளைக் கொடுத்தார். 1902-லேயே தம் அரசில் பிற்படுத்தப்பட்டோருக்குப் பாதி இடங்களை ஒதுக்கிய அதே ஷாஹு மகராஜ்தான். பீரங்கி உருகிக் கலப்பையானது.

போருக்குப் பிறகு 1920-ல் கிர்லோஸ்கர் பிரதர்ஸ் முறையான நிறுவனம் ஆயிற்று. கரும்பு ஆலை, நிலக்கடலை உடைக்கும் கருவி, கைப்பம்பு என்று வரிசை நீண்டது. அதே 1920-ல் 'கிர்லோஸ்கர் கபர்' என்ற பத்திரிகை தொடங்கியது. கலப்பை வாங்கியவர்களோடு பேச ஒரு செய்தி மடல், தொடக்கத்தில் அவ்வளவே. கொஞ்ச காலத்தில் அது மராத்தியின் முக்கியமான மாத இதழாக வளர்ந்தது. 1930-ல் 'ஸ்திரீ', 1934-ல் 'மனோகர்' என்று மேலும் இரண்டு பிறந்தன. பெண் கல்வி, விதவை மறுமணம், சாதி மறுப்பு என்று மராத்தி நடுத்தர வர்க்கம் பேசத் தயங்கியதை அவை பேசின. உலகத்தில் எத்தனையோ கலப்பைக் கம்பெனிகள் உண்டு, அவற்றில் ஒன்றிலிருந்து பெண்களுக்கான சீர்திருத்தப் பத்திரிகை வந்தது என்று வேறெங்கும் நான் படித்ததில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வாங்கியவரோடு பேசிக்கொண்டே இருக்கும் பழக்கம் உள்ளவருக்கு, பேச்சு கலப்பையோடு நிற்காது.

பிறகு பம்ப், மோட்டார், டீசல் இன்ஜின் வந்தன. 1946-ல் புனேயில் ஆயில் இன்ஜின் தொழிற்சாலை வந்தது. அந்தக் காலக் கதை மகன்களின் கதை, வேறொரு நாள் பேச வேண்டியது. லட்சுமணராவ் 1956 செப்டம்பர் 26 அன்று காலமானார். நூற்றாண்டு நாளான 1969 ஜூன் 20 அன்று அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

பம்ப் என்றதும் மறுபடி நம் மாவட்டத்துக்கு வர வேண்டியிருக்கிறது. கிர்லோஸ்கர் பெல்காமில் முதல் கலப்பையோடு போராடிக்கொண்டிருந்த அதே 1900-களின் தொடக்கத்தில், சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆல்பிரட் சாட்டர்டன் செங்கல்பட்டுக்குப் பக்கத்து மெல்ரோசாபுரத்தில், ஸ்காட்லாந்து மிஷன் குடியிருப்பின் கிணற்றில், எண்ணெய் இன்ஜினையும் பம்பையும் பூட்டித் தண்ணீர் இறைத்துப் பார்த்தார். கவலை இறைக்கும் மாட்டுக்கும் ஆளுக்கும் ஆகும் செலவென்ன, இன்ஜினுக்கு ஆகும் செலவென்ன என்று கணக்குப் போட்டார். தென்னிந்தியக் கிணற்றுப் பாசனத்தில் இயந்திர இறைப்பின் தொடக்கப் பக்கங்களில் ஒன்று இந்த மாவட்டத்தில் எழுதப்பட்டது. அது நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இல்லை என்பது எனக்கு வருத்தம். ஆனால் மெல்ரோசாபுரத்தில் ஓடிய இன்ஜின் வெளியூர்ச் சரக்கு. சோதனை இங்கே நடந்தது, தொழில் இங்கே வேர் பிடிக்கவில்லை. அதற்குக் கோவை வரை போக வேண்டியிருந்தது. அங்கே கிணறு ஆழம், பருத்தி ஆலைகள் பக்கம், வார்ப்படம் தெரிந்த கைகள் ஏராளம். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்தார்கள்.

செங்கல்பட்டில் ஏன் ஒரு லட்சுமணராவ் எழவில்லை? சென்னைத் துறைமுகம் இவ்வளவு பக்கத்தில் இருந்தது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கப்பலில் வந்த சரக்கு மறுநாளே சந்தையில் இருக்கும்போது உள்ளூரில் ஒருவர் வார்ப்பட உலை மூட்டுவது கடினம். இன்னொன்று, கொல்லருக்கும் தச்சருக்கும் களத்து நெல்லில் இருந்த பங்கு போனபோது, அவர்கள் கையில் இருந்த தொழிலை ஒரு படி மேலே கொண்டுபோக யாரும் ரூ.10,000 கடன் கொடுக்கவில்லை. அறிவு இருந்தது. கை இருந்தது. ஔந்த் அரசர் இல்லை.

முடிக்கும் முன் இங்கிருக்கும் பொறியாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தச் சுற்று வட்டாரத்தில், சதுரங்கப்பட்டினம் முதல் நெரும்பூர் வரை, மரக்கலப்பையும் ஏற்றமும் கவலைச் சாலும் செய்த ஆசாரிமார்கள் இன்னும் சிலராவது இருப்பார்கள். எழுபது, எண்பது வயது ஆகியிருக்கும். டிராக்டர் வந்த பிறகு அவர்களிடம் யாரும் வேலை கேட்பதில்லை. எந்த மரத்தில் எந்தப் பாகம், ஏர்க்காலுக்கும் கலப்பைக்கும் இடையே எவ்வளவு கோணம், நவரைக்கும் சம்பாவுக்கும் கொழுவை எவ்வளவு நீட்ட வேண்டும், மாட்டின் உயரத்துக்கு நுகத்தை எங்கே கட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கிறது, காகிதத்தில் இல்லை. வரைபடம் போடத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இத்தனை பேர் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அளவு நாடாவோடு போய் அவர்களிடம் உட்காருங்கள். முன்தோற்றம், பக்கத்தோற்றம், வெட்டுத்தோற்றம் மூன்றையும் அளவோடு வரையுங்கள். கொழுவை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் அவர்கள் சொல்லும் பெயரை அப்படியே எழுதுங்கள், செய்தவரின் பெயரையும் ஊரையும் வரைபடத்தின் மூலையில் அவருடைய சம்மதத்தோடு போடுங்கள். விவசாயிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பரணில் பழைய கலப்பை கிடந்தால் அடுப்புக்குப் போடாதீர்கள், வரைய வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுங்கள். எந்த ஊரில் யாரைப் பார்க்கலாம் என்பதை இப்போதே, கூட்டம் கலைவதற்குள் பேசிவிடலாம். நான் இங்கேயேதான் இருப்பேன்.